கறைப் பக்கம்

ஜூன் 2, திங்கள்

கோபம் வந்தால் கத்தாதீர்கள், ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள், பிரஷர் தானே இறங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சரி, எழுதுகிறேன். இரண்டாவது மாடிப் பேராசிரியர் அம்மா புதுச் சுங்குடிப் புடவையை வெந்நீரில் சோப்புத்தூள் கொட்டி அரை நாள் ஊறப்போட்டுவிட்டு, சாயம் மொத்தமும் இறங்கிய பிறகு தூக்கிக்கொண்டு வந்து, "பழையபடி ஆக்கிக் குடு மங்கை" என்கிறாள். நான் என்ன மாந்திரீகம் படித்தவளா? சுங்குடிக்கு முதல் மூன்று தண்ணீர் வெறும் உப்புத் தண்ணீர்தான். சோப்பையே காட்டக் கூடாது. காலேஜில் பாடம் நடத்துகிறவளுக்கு இதைச் சொல்ல ஒரு சலவைக்காரி வேண்டியிருக்கிறது. உடுத்தி வீணாகிற துணியைவிடத் துவைத்து வீணாகிற துணிதான் அதிகம். இருபத்திரண்டு வருஷமாக உறையூரில் கடை வைத்துப் பார்த்துவிட்டேன்.

இந்தக் கட்டடத்தில் துணியை மதிக்கத் தெரிந்த ஒரே ஆள் மூன்றாவது மாடி ரகுநந்தன் சார். பேங்கில் ஆபீசர், பிளாட் அசோசியேஷனுக்கும் செக்ரட்டரி. கீழ்த்தளத்தில் எங்களுக்குக் கடை போட இடம் ஒதுக்கி, துணி காயப்போட மொட்டை மாடிச் சாவியையும் கொடுத்தவர் அவர்தான். சட்டையெல்லாம் பொத்தான் அவிழ்த்து, உள்பக்கம் வெளியே திருப்பி, பாக்கெட் பார்த்துத்தான் கொண்டுவருவார். ஆறு வருஷச் சட்டை அவர் உடம்பில் நேற்று வாங்கியது போல நிற்கிறது. மனைவி துணியையும் அவரே சுமந்துவருகிறார். அந்தப் பெண் சுபாஷிணி கீழே இறங்கி நான் பார்த்ததே இல்லை. கொடுத்துவைத்தவள்.

இன்றைக்கு அவளுடைய பருத்தி குர்த்தாவில் ரத்தக் கறை. "காய் நறுக்கும்போது விரல வெட்டிக்கிட்டாக்கா. பச்சத்தண்ணில போடுங்க, சூடு பட்டா புடிச்சுக்கும்" என்றார். ஆம்பிளைக்கு இது தெரிந்திருக்கிறதே என்று அசந்துபோனேன். உப்புப் போட்டு இரண்டு தண்ணீர், போயே போய்விட்டது. விரலை வெட்டிக்கொண்டவள் பின்கழுத்தை எதற்குத் தொட்டாளோ.

ஜூன் 9, திங்கள்

மாசிலாமணிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்க முடியவில்லை என்று என் புருஷன் முனகுவதைக் கேட்டுக்கொண்டே நாற்பது சட்டையையும் நானே தேய்த்தேன்.

மூன்றாவது மாடி மூட்டை வந்தது. ரகு சார் ஒழுங்கைப் பார்க்க வேண்டும். கறை பட்ட துணியைப் பையில் எல்லாவற்றுக்கும் மேலே, அதிலும் கறைப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி மடித்துக் கொண்டுவருகிறார். தேட வேண்டிய வேலை நமக்கு இல்லை. எல்லோரும் இப்படி இருந்தால் நான் இன்னும் பத்து வருஷம் கூட உயிரோடு இருப்பேன்.

நைட்டியில் மேல் பொத்தான் இரண்டும் துணியோடு பிய்ந்திருந்தது. உள்ளே ஒட்டுத்துணி வைத்துத் தைத்தேன். மாசிலாமணி எட்டிப் பார்த்து, "பொத்தான் தானா விழுந்தா நூலுதான வரும், துணியுமா பிஞ்சு வரும்?" என்றார்.

"இடுப்பு வலிக்குதுன்னு படுத்த ஆளு படுத்திருய்யா" என்றேன்.

ஜூன் 11, புதன்

மாடியில் காற்று. கொடிக்கயிறு அறுந்து ஹோட்டல்காரன் மேஜைவிரிப்பு எல்லாம் புழுதியில் விழுந்தது. திரும்பத் துவைத்தேன். இறங்கி வரும்போது மூன்றாவது மாடியில் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம். கை நிறைய துணி இருந்தது. நிற்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

இன்றைக்கு சுபாஷிணியை லிப்டில் பார்த்தேன். கூடவே ரகு சார். கோவிலுக்குப் போகிறார்களாம். முப்பது வயதிருக்கும், களையான முகம். சார் போன் பேசிக்கொண்டிருந்தபோது மெதுவாக, "அக்கா, எங்க துணியெல்லாம் நீங்கதான் பிரிப்பீங்களா?" என்று கேட்டாள்.

"நானேதாம்மா. வேற யாரயும் தொட விடமாட்டேன். பயப்படாத, பத்திரமா இருக்கும்" என்றேன்.

"சரிக்கா" என்றாள். அதைக் கேட்டு ஏன் அவ்வளவு நிம்மதிப்பட்டாள் என்று தெரியவில்லை. துணி மேல் புருஷனுக்கு இருக்கிற அக்கறை இவளுக்கும் ஒட்டியிருக்கும்.

ஜூன் 18, புதன்

திங்கட்கிழமை மூட்டையில் ஒரு தலையணை உறை. இரண்டு இடத்தில் ரத்தம். வெயில் காலத்தில் சிலருக்கு மூக்கில் வரும். என் சின்னம்மாவுக்கு வரும். வெள்ளைத் துணி என்பதால் உப்பில் ஊறவைத்த பிறகு மருந்துக்கடையில் விற்கிற புண் கழுவுகிற மருந்தை இரண்டு சொட்டு விட்டேன். நுரைத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. இந்தக் கைப்பக்குவம் திருச்சியில் எத்தனை பேருக்கு இருக்கும்?

ஜூன் 23, திங்கள்

மஞ்சள் சுடிதார். இதற்கு நான்கு தண்ணீர் ஆனது. முதல் தண்ணீர் கொட்டும்போது மாசிலாமணி பக்கத்தில் வந்து நின்றார். சாக்கடையில் போகிற நிறத்தைப் பார்த்தார்.

"மங்க, இது காய் நறுக்குன ரத்தம் இல்ல."

"நீ டாக்டரா?"

"இல்ல. ஆனா எனக்குக் கண்ணு இருக்கு."

"கண்ணு எனக்கும் இருக்கு. மொட்ட மாடிச் சாவி யாரு குடுத்ததுன்னும் நெனப்பு இருக்கு. துணிய எங்க காயப்போடுவ, உன் தல மேலயா?" என்று நன்றாகக் கேட்டுவிட்டேன். அவர் போய்ப் பெட்டியில் கரி அள்ளிப் போட ஆரம்பித்தார். சுடிதார் புதுசு போல வந்திருக்கிறது. மஞ்சள் வெளுக்கக் கூடாது என்று உள்பக்கம் திருப்பி நிழலில் உலர்த்தினேன்.

ஜூன் 24, செவ்வாய்

பதினொரு மணிக்கு சுபாஷிணி கடைக்கு வந்தாள், தனியாக. வாசலில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் படி ஏறினாள். இவ்வளவு வெயிலில் மணிக்கட்டு வரை முழுக்கை.

"அக்கா, மஞ்சச் சுடிதார் துவைச்சிட்டீங்களா? துவைக்கலன்னா அப்படியே குடுத்துருங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. திங்கட்கிழமை வந்த துணியைச் செவ்வாய்க்கிழமை வரை அழுக்கோடு வைத்திருக்கிற கடையா இது? எடுத்து மேஜையில் விரித்துக் காட்டினேன். "எங்க இருந்துச்சுன்னு நீயே கண்டுபுடி பாப்போம்" என்றுகூடச் சொன்னேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். எழுதும்போது கை கூசுகிறது.

அவள் தேடினாள். தோள்பட்டையில் விரலை வைத்து அங்கேயே வைத்திருந்தாள். பிறகு அழுதாள். சத்தமே இல்லாமல்.

"மேல மடிச்சு வெச்சேனேக்கா" என்றாள்.

"என்னம்மா?"

"கறைப் பக்கம் மேல தெரியற மாதிரி. ஒவ்வொரு தடவயும் நான்தான் மடிச்சு வெச்சேன். நீங்க பாக்கணும்னுதான். வேற யார்கிட்ட காட்டுவேன்? என் செல்போன எப்பவும் அவர்தான் பாப்பாரு. அலமாரில ஒரு கைக்குட்டை குறைஞ்சாலும் கேப்பாரு, ஒளிச்சு வெக்க முடியாது. வீட்ட விட்டு வெளிய போற ஒரே விஷயம் உங்க மூட்டதான்க்கா."

மாசிலாமணிதான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். மார்ச் மாசமே போலீசுக்குப் போனாளாம். இவளுக்கு நரம்புக் கோளாறு, மாத்திரை சாப்பிட மறந்துவிட்டாள் என்று பின்னாலேயே வந்த ரகு சார் சிரித்துக்கொண்டே சொன்னாராம், அனுப்பிவிட்டார்கள். கரூரில் இருக்கிற அண்ணன், கையில் ஏதாவது ஆதாரம் இருந்தால் சொல், உடனே வந்து நிற்கிறேன் என்றிருக்கிறான். அண்ணன் நம்பரை அவள் சொல்ல, மாசிலாமணி துணியில் கட்டுகிற அட்டையின் பின்னால் எழுதிக்கொண்டார்.

கிளம்பும்போது, "அடுத்த தடவை துவைக்காம வெச்சிருங்கக்கா" என்றாள். அடுத்த தடவை என்பதை, அடுத்த வாரம் மழை வரும் என்பது போலச் சொன்னாள். சுடிதாரைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனாள். வந்ததற்குக் காரணம் வேண்டுமாம்.

ஜூன் 25, புதன்

எனக்கு எதுவும் தெரியாது என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நான் சலவைக்காரி, போலீஸ் இல்லை என்று எழுதிப் பார்த்தேன். அது உண்மைதான். ஆனாலும் சோறு இறங்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

"அண்ணங்காரனுக்குப் போன் போடு" என்கிறார் மாசிலாமணி.

"போட்டு என்ன சொல்ல? பளபளன்னு துவைச்சு வெச்சிருக்கேன், வந்து பாருன்னா?"

"இன்னொரு மூட்ட வரட்டும்னு உக்காந்திருக்கப் போறியா? மூட்ட எப்படி வரும்னு யோசிச்சியா?"

யோசித்தேன். அதைத்தான் யோசிக்க முடியாமல் இருக்கிறேன். காயப்போடப் போகிற சாக்கில் மூன்றாவது மாடியில் நின்றேன். செருப்பு வரிசையாக அடுக்கியிருந்தது. காலிங்பெல்லில் கை வைத்தேன். அழுத்தவில்லை.

ஜூன் 28, சனி

மூன்றாவது மாடியில் டிவி சத்தம் கட்டடத்துக்கே கேட்டது. இன்றைக்கு ஒரு கறையும் எனக்குச் சரியாகப் போகவில்லை.

ஜூன் 30, திங்கள்

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

ஒன்பதரைக்கு ரகு சார் வந்தார். மேலே வெளிர்நீல நைட்டி. மார்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை, இன்னும் காயாத ஓரம். ஆனால் இந்த முறை கறைப் பக்கம் உள்ளே இருந்தது. அவரே மடித்திருக்கிறார் என்று அப்போதே புரிந்தது. "இது உடனே வேணும்க்கா. நான் லீவுதான், இங்கயே உக்காந்துக்கறேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

உட்கார்ந்ததும், "போன செவ்வாக்கெழம சுபா கீழ வந்தாளாமே. வாசல் கேமராவுல பாத்தேன்" என்றார்.

"ஆமா சார். மஞ்சச் சுடிதார் ஆயிருச்சான்னு கேட்டுச்சு. குடுத்துட்டேன்."

"பத்து நிமிஷம் இருந்தாளே."

"நான்தான் சார் புடிச்சு வெச்சுப் பேசிட்டேன். என் வாய் உங்களுக்குத் தெரியாதா?"

சிரித்தார். மாசிலாமணியின் பெட்டி ஒரே சட்டையின் மேல் போய்ப் போய் வந்தது. நான் நைட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தனியாக எடுத்து ஒளிக்க வழியில்லை. துவைக்கிற இடம் அவர் கண் எதிரே. தண்ணீர் வரவில்லை என்று சொன்னால், செக்ரட்டரி ஆயிற்றே, ஒரு போனில் மோட்டார் போட வைத்துவிடுவார். உப்பும் பச்சைத் தண்ணீரும் சேர்ந்தால் அரை மணியில் ஒன்றும் இருக்காது. அது என் கை. எனக்கே தெரியும்.

ஹோட்டல் விரிப்பின் எண்ணெய்ப் பிசுக்குக்காக ஒரு வாளி வெந்நீர் இறக்கி மூடி வைத்திருந்தேன். அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மூடியை எடுத்து, நைட்டியை அதில் போட்டேன்.

இருபத்திரண்டு வருஷத்தில் ரத்தக் கறையை வெந்நீரில் போட்டதில்லை. தொழில் தெரிந்த எவளும் போட மாட்டாள். சூடு பட்டால் கறை நூலோடு சேர்ந்து வெந்துபோகும், பிறகு எந்த மருந்துக்கும் நகராது. நான் கையையும் உள்ளே விட்டேன். பச்சைத் தண்ணீரில் அலசுகிறவள் கையை வெளியே வைத்துக்கொள்ள முடியுமா? முழங்கை வரை எரிந்தது. "மழ வரும்போல இருக்கு சார்" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ம். துணி காயாது" என்றார்.

எத்தனை நேரம் என்று தெரியாது. எடுத்து விரித்தபோது கறை காபிப்பொடி நிறத்தில், ஓரம் கட்டி, அச்சடித்தாற்போல இருந்தது.

"அய்யோ, போகலயே சார்."

எழுந்து வந்தார். கறையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். "கை செவந்திருக்கே அக்கா."

"சலவ சோடா சார். ஒத்துக்க மாட்டேங்குது."

வாளியில் விரலை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அதற்குள் மாசிலாமணி பெரிய குவளையில் குழாய்த் தண்ணீரை மொண்டு, "நல்ல தண்ணியில இன்னொரு அலசு அலசு" என்று வாளியில் சரித்துவிட்டார். இடுப்பு வலிக்காரர், எப்போது எழுந்து வந்தார் என்றே நான் பார்க்கவில்லை.

"குடுங்க. தூக்கிப் போட்டுடறேன்" என்று ரகு சார் கை நீட்டினார்.

கொடுத்துவிட்டால் தீர்ந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் துணிதான். துணியைப் பற்றியே பேசினேன். "நல்ல மல் துணி சார். இந்த நெசவு இப்பக் கெடைக்குதா? ஒரே கறைக்காகத் தூக்கிப் போட உங்களுக்கு எப்படி மனசு வரும்? நாளைக்கு வரைக்கும் விடுங்க, மருந்து போட்டு எடுத்துத் தர்றேன். போகலன்னா நானே கிழிச்சுப் போட்டுடறேன்."

ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். எப்போதும் துணியைப் பார்க்கிற அதே ஆசையோடு.

"சரி. நாளைக்கு சாயந்தரம். வேற யாரும் இதப் பாக்கக் கூடாது."

"நான் யாரயும் தொட விடமாட்டேன் சார்."

அவர் லிப்டில் ஏறியதும் மாசிலாமணி அட்டையைத் தேடி எடுத்துக் கரூருக்குப் போன் போட்டார். நான் கையைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

பத்து மணிக்கு ரகு சார் பேங்குக்குப் போனார். பத்தரைக்கு அண்ணன் கார் வந்தது. அண்ணன் மேலே போய்க் கூப்பிட, சுபாஷிணி கட்டிய துணியோடு இறங்கி வந்தாள். ஒரு பை கூட எடுக்கவில்லை. மகளிர் காவல் நிலையத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் கூடவே போனோம்.

இன்ஸ்பெக்டர் அம்மா நைட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வெந்நில போட்டதா? லேபுக்கு அனுப்பறோம். ஆனா என்ன வரும்னு உறுதி சொல்ல முடியாது. இத மட்டும் வெச்சு கேஸ் நிக்காதும்மா."

கை வெந்ததுதான் மிச்சமா என்று நினைத்தேன். சுபாஷிணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்ச் மாசம் திருப்பி அனுப்பினார்களே, அதே போல இன்றைக்கும் அனுப்பினால் நேராக அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

"துணி போனா என்ன மேடம். எல்லாத்தயும் துவைச்சவ நான் இருக்கேன். எழுதிக்கங்க" என்றேன்.

சொன்னேன். ஏப்ரலில் வெள்ளைத் துப்பட்டா, நடுவில். அதே மாசக் கடைசியில் ஊதா ரவிக்கை, இடது அக்குள் கிழிசலோடு. மே மாசம் படுக்கை விரிப்பு, தலைமாட்டில். இந்த நோட்டு வாங்குவதற்கு முன்னால் வந்தவை இந்த மூன்றும். பிறகு குர்த்தா, பின்கழுத்து. நைட்டி, பொத்தான். தலையணை உறை, இரண்டு இடம். மஞ்சள் சுடிதார், வலது தோள், நான்கு தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் அவர் என்ன காரணம் சொன்னார் என்பதும் சொன்னேன். ஒன்றுகூட மறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"ஏழு தடவ. ஒரு தடவகூட சந்தேகம் வரலயாம்மா?"

மாசிலாமணி என்னைப் பார்த்தார். வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, யாரும் மேலே கேட்கப் போவதில்லை.

"ரெண்டாவது தடவயே தெரியும் மேடம்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"மாடியில காயப்போட விடமாட்டாருன்னு."

சுபாஷிணி இப்போது என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

"அதயும் எழுதவா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"எழுதுங்க மேடம்."

கையெழுத்துப் போட்டேன். விரல் வீங்கிக் கோணலாகத்தான் வந்தது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காயங்களை எழுதி வாங்க வேண்டும், அங்கிருந்தே கரூர் போகலாம் என்றார்கள். அவள் என்னோடு பேச மாட்டாள் என்று நினைத்தேன், அதுதான் நியாயமும். வெளி பெஞ்சுக்கு வந்தவள் என் பக்கத்தில் நின்று, "அக்கா, எனக்கு மாத்துத் துணி வேணும்" என்றாள்.

"உன் துணி பத்தும் கடையில மடிச்சு வெச்சிருக்கேம்மா. இவர அனுப்பி எடுத்தாரச் சொல்றேன்."

"அது வேணாம். அவர் வாங்குனது. இதுவும் அவர் வாங்குனதுதான், உடம்புல இருக்கவே புடிக்கல. உங்களது ஏதாவது குடுங்க."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஊரார் துணியைப் பொன்னாகப் பார்க்கிறவள் என் துணியை என்றைக்குப் பார்த்தேன்? மாசிலாமணி ஆட்டோவில் போய் என் பழைய பச்சைச் சுடிதாரைக் கொண்டுவந்தார். நரைத்து, முழங்கால் தொளதொளத்து, மாடி வேலைக்குப் போட்டுக்கொள்கிறது. எடுத்து வரச் சொன்ன துப்பட்டாவும் அதோடு சேராத நிறம்.

பின்னறையில் மாற்றிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அது பெரிது. தோள் இறங்கிக் கிடந்தது. ஆனால் என் சுடிதாருக்குக் கை குட்டை, முழங்கைக்கு மேலேயே நின்றுவிடும். இரண்டு கையையும் அப்போதுதான் பார்த்தேன். பழையதும் புதியதுமாக, மஞ்சளும் கருநீலமுமாக, சுடிதார்க் கை முடிகிற இடத்திலிருந்து மணிக்கட்டு வரை ஒரு விரல் இடம் சும்மா இல்லை. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டு எழுந்து நின்றார். அண்ணன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நான் துப்பட்டாவை அவள் தோளில் போர்த்தப் போனேன். வெளியே டீக்கடை, பஸ் ஸ்டாப், தெரு முழுக்க ஆள்.

"வேணாம்க்கா. பாக்கட்டும்" என்றாள்.

படியில் மெதுவாக இறங்கி, கார் வரைக்கும் அப்படியே நடந்து போனாள். நான் துப்பட்டாவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.